புலம்பலும் நம்பிக்கையும்: திருவருகைக் காலத்து எழுத்துக்கள் பற்றிச் சில கருத்துக்கள்

எந்த இலக்கியமும் அது தோன்றிய மக்களின் வாழ்விலிருந்தே பொருள் பெறுகின்றது. சமய இலக்கியமும் இந்த நியதிக்கு விலக்கன்று. ஆலயத்திற் பாடப்படும் பாட்டும், பிரசங்க பீடத்திலிருந்து கேட்கும் சொல்லும், பண்டிகை மலரில் அச்சேறும் கவிதையும் ஒரு சமுதாயத்தின் இன்ப துன்பங்களோடு எத்தகைய உறவு கொண்டுள்ளன என்று ஆராய்வது விமர்சகரின் கடமைகளுள் ஒன்றாகும். சமயம் என்றவுடன் ஒதுங்கிச் செல்வதும், சமயம் என்றவுடன் கைகூப்பி நிற்பதும் இக்கடமையைத் தட்டிக்கழிக்கும் இரு வழிகளே.

நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காலத்தைக் கத்தோலிக்கர் திருவருகைக் காலம் என்பர். நவம்பர் 30ஆம் நாள் வரும் அந்திரேயா திருநாளுக்கு மிக அண்மையில் உள்ள ஞாயிறே அதன் தொடக்கம். அக்காலத்தில் குருமார் ஊதா நிற உடை அணிவர். விழாக்காலங்களிற் பாடப்படும் வானவர் கீதம் ஞாயிறுத் திருப்பலியில் நிறுத்தி வைக்கப்படும். மூன்றாம் ஞாயிறு மட்டும் மகிழ்ச்சியின் ஞாயிறாகக் கொள்ளப்படும். இந்த அமைப்பை ஆக்கியோர் மனித மனத்தை நன்கு அறிந்திருந்தனர் என்றே சொல்லவேண்டும். மகிழ்ச்சியை அவர்கள் முதல் நாளே வாரி வழங்கவில்லை. இருளை முதலில் ஒப்புக்கொண்டனர், காத்திருத்தலைக் கட்டாயமாக்கினர், அதன் பின்னரே ஒளியைப் பற்றிப் பேசினர்.

ஆனால் இக்காலத்தை ஒட்டி நம்மிடையே வெளியாகும் எழுத்துக்களிற் பெரும்பாலானவற்றை நோக்குமிடத்து, இந்த ஒழுங்கு தலைகீழாக மாறிவிட்டதைக் காண்கின்றோம். முதல் வரியிலேயே விண்மீன் உதித்துவிடுகின்றது. இரண்டாம் வரியிற் கண்ணீர் துடைக்கப்பட்டுவிடுகின்றது. யாருடைய கண்ணீர், எதனால் வந்தது, யார் காரணம் என்ற வினாக்கள் எழுவதற்கு இடமே இல்லை. இக்குறை வெறும் கலைக்குறையா, அன்றி அதற்கும் அப்பாற்பட்டதா என்பதே நாம் இங்கு ஆராய முற்படும் விடயம்.

இவ்வினாவைப் பொதுப்படையாக எழுப்புவதிற் பயனில்லை. ஒரு மண்ணின்மீது நின்றே எழுப்பவேண்டும். மட்டக்களப்பு வாவியின் வடபால், ஏறாவூருக்கும் வந்தாறுமூலைக்கும் இடையில் அமைந்த செங்கலடியை எடுத்துக்கொள்வோம். பேராதனையிலிருந்து பதுளை வழியாக இறங்கி வரும் நெடுஞ்சாலை கரையோரப் பெருவீதியைச் சந்திக்கும் இடம் அது. இந்துக்கள் பெரும்பான்மையினராகவும், கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் பிற சபையினரும் சிறுபான்மையினராகவும் வாழும் பகுதி. அடுத்த ஊரான ஏறாவூரில் முஸ்லிம்கள் செறிந்து வாழ்கின்றனர். இங்கு திருவருகைக் காலம் வரும்போது வாடைக்காற்றும் உடன் வருகின்றது. பெரும்போக வேளாண்மை வயல்களில் நிற்கும். வாவி பெருகித் தாழ்நிலங்களை மூடும். வெள்ளத்தைக் கடலுக்குள் விட முகத்துவாரம் வெட்டுவதா வேண்டாமா என்ற பேச்சு ஊரெங்கும் எழும். ஐரோப்பியக் கவிஞன் பனியைப் பாடினான். அவனுக்கு அது உண்மை. நமது நத்தார்க் கவிதைகளிலும் பனி பொழிந்துகொண்டே இருக்கின்றது. மழைவெள்ளத்தில் பாய் நனைந்த வீட்டிலிருந்து எழுதுபவன் பனியைப் பாடும்போது, அவன் தன் துயரத்தையும் இரவல் சொற்களாலேயே பேசப்போகின்றான் என்பது தெளிவாகிவிடுகின்றது.

இப்பிரதேசத்தின் துயரங்கள் இரவல் வாங்கவேண்டியவை அல்ல. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. அவ்வாண்டின் திருவருகைக் காலம் அதற்குப் பத்து நாட்களின் பின், டிசம்பர் 3ஆம் நாள் தொடங்கியது. 2004இல் நத்தாருக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையிற் கடல் பொங்கியெழுந்து இம்மாவட்டத்தில் மட்டும் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுசென்றது. 2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது மட்டக்களப்புப் புனித மரியாள் பேராலயத்தினுள்ளே பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு காலை, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் தற்கொலைக் குண்டு வெடித்தது. மாண்டவர்களுள் ஞாயிறு பாடசாலைக் குழந்தைகள் பலர். 2025 நவம்பரின் கடைசி நாட்களில் தித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது, செங்கலடிச் சந்தியில் முடியும் அதே நெடுஞ்சாலை ஊடறுத்துச் செல்லும் பதுளை மாவட்டத்திற் சரிவுகள் இடிந்து வீடுகளை மூடின. அவ்வாண்டின் திருவருகைக் காலம் நவம்பர் 30ஆம் நாள் பிறந்தது.

இத்தகைய நிலத்தில் வாழ்ந்துகொண்டு நம்பிக்கையைப் பற்றி எழுதுவது எளிதன்று. ஆயினும் எளிதாகவே எழுதப்படுகின்றது. அவ்வெழுத்துக்களில் மூன்று குறைகள் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன.

முதலாவது குறை அவசரம். துயரம் தன் கதையைச் சொல்லி முடிப்பதற்கு முன்னரே ஆறுதல் குறுக்கிடுகின்றது. இரண்டாவது குறை, காரணங்களைக் கலந்துவிடுதல். சூறாவளியும் துப்பாக்கிச் சூடும் ஒரே சொல்லால், இறைவனின் சித்தம் என்ற சொல்லால், மூடப்படுகின்றன. கடலலைக்கு முகமில்லை, துப்பாக்கி ஏந்தியவனுக்கு முகமுண்டு, அவனை ஏவியவனுக்கும் முகமுண்டு. பரராஜசிங்கம் கொலை வழக்கில், மேற்கொண்டு நடத்தப்போவதில்லை எனச் சட்டமா அதிபர் திணைக்களம் அறிவித்ததையடுத்து, 2021 ஜனவரியில் மட்டக்களப்பு மேல் நீதிமன்றம் எதிரிகளை விடுவித்தது. பேராலயத்தில் மக்கள் கூடியிருந்த வேளையில் நிகழ்ந்த ஒரு கொலைக்கு இன்றுவரை எவரும் குற்றவாளியாகக் காணப்படவில்லை. இதனை இறைவனின் சித்தம் என்று பாடும் கவிஞன், தான் அறியாமலே, கொலையாளிக்குச் சாட்சி சொல்கின்றான். இயற்கையழிவு என்று நாம் கூறுவனவற்றிலும் மனிதரின் பொறுப்பு இல்லாமலில்லை. ஆபத்தான சரிவிற் குடியிருக்க நேர்ந்தவர் யாவர், எச்சரிக்கை எட்டாத கரையில் வாழ்ந்தவர் யாவர் என்று கேட்டால், வறுமையின் முகவரியே விடையாகக் கிடைக்கின்றது. மூன்றாவது குறை, துயரத்தைத் தனிமனிதரின் நெஞ்சுக்குள் அடைத்துவிடுதல். ஊரெல்லாம் இழந்திருக்க, பாட்டில் மட்டும் 'என் துயர்', 'என் கண்ணீர்' என்றே ஒலிக்கின்றது.

இக்குறைகள் கிறிஸ்தவ மரபின் இயல்பான விளைவுகள் என்று எவரேனும் கருதினால், அம்மரபின் மூல நூல்களை மீண்டும் புரட்டிப் பார்க்கவேண்டும். மத்தேயு எழுதிய நற்செய்தியில் மீட்பரின் பிறப்புக்கு அடுத்த பக்கத்திலேயே பெத்லகேமின் குழந்தைகள் வெட்டப்படுகின்றனர். கட்டளை இட்டவன் ஏரோது என்னும் அரசன். அவனது பெயர் மறைக்கப்படவில்லை. அவ்விடத்தில் மத்தேயு, பிள்ளைகளை இழந்த ராகேலின் அழுகையை எரேமியாவின் ஆகமத்திலிருந்து எடுத்தாளுகின்றார். எரேமியாவில் அந்த அழுகைக்கு அடுத்த வசனத்திலேயே ஆறுதல் வருகின்றது: அழுகையை நிறுத்தச் சொல்லி, பிள்ளைகள் திரும்பி வருவர் என்ற வாக்குறுதி. மத்தேயு அந்த அடுத்த வசனத்தை எடுத்தாளவில்லை. ஆறுதலை ஏற்க மறுக்கும் தாயோடு நிறுத்திவிடுகின்றார். ஒரு மேற்கோளை எங்கே முடிப்பது என்பது ஒரு தீர்ப்பு. பாலகன் பிறந்த செய்தியைச் சொல்ல வந்தவரே, கொல்லப்பட்ட பாலகரின் தாய்க்கு உடனடி ஆறுதல் கூறத் துணியவில்லை. நமது பண்டிகை மலர்க் கவிஞர்கள் மத்தேயுவை விடத் துணிச்சல் மிக்கவர்களாகத் தோன்றுகின்றனர்.

புலம்பல் ஆகமமும் இவ்வகையில் நோக்கத்தக்கது. ஐந்து அதிகாரங்கள் கொண்ட அந்நூலின் முதல் நான்கும் எபிரேய அரிச்சுவடியின் 22 எழுத்துக்களின் வரிசையில் அமைந்தவை. அழிந்த நகரைப் பற்றிய துயரம் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை முறையாகச் சொல்லித் தீர்க்கப்படுகின்றது. எதுவும் விடுபடக்கூடாது என்ற பிடிவாதம் அந்த வடிவத்திலேயே இருக்கின்றது.

நமது மொழியின் கிறிஸ்தவ இலக்கியமும் இவ்வுண்மையை அறியாததன்று. 1726இல் வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணி 36 படலங்களைக் கொண்ட காப்பியம். சூசையப்பரைத் தலைவனாகக் கொண்ட அந்நூலில் குழந்தைகள் கொலையுண்டதற்கெனத் தனிப் படலமே உண்டு. காப்பியத்தின் அணிநலன்களுக்கிடையே அக்கொடுமையைக் கரைத்துவிடாமல், அதற்குரிய இடத்தை முனிவர் ஒதுக்கினார். வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சியைப் பாடியபோது, தேவமோகினி என்னும் தலைவியின் ஏக்கத்தைப் பாடிய பின்னரே குறத்தியைக் கொண்டுவந்து குறி சொல்ல வைக்கின்றார். குறவஞ்சியின் மரபே அதுதான்: பிரிவின் வேதனை முன்னே, வரப்போகும் நன்மையைச் சொல்லும் குறி பின்னே. வேதனையைப் பாடாத குறவஞ்சியில் குறத்திக்கு வேலையில்லை. திருவருகைக் காலத்தின் ஒழுங்கும் இதுவேயன்றோ?

மட்டக்களப்பு மண்ணின் மரபை நோக்கினும் இதே பாடம் கிடைக்கின்றது. வைகாசி மாதத்தில் இப்பிரதேசத்தின் கண்ணகி கோயில்களிற் குளிர்த்திச் சடங்கு நடைபெறும். மதுரையை எரித்த பின்னும் தணியாத கண்ணகியின் சினத்தை மக்கள் குளிரச்செய்கின்றனர். கண்ணகியை யாரும் முதலிலேயே குளிர்விக்கவில்லை. அவள் அரசவைக்குச் சென்றாள், சிலம்பை உடைத்தாள், அரசன் தன் தவற்றை ஏற்று உயிர்விட்டான். நீதி கேட்கப்பட்டது, தீர்ப்பும் கிடைத்தது. அதன் பின்னரே குளிர்த்தி. நீதி கேட்பதற்கு முன் குளிர்த்தி பாடுவது நமது மக்களின் மரபன்று.

இனி இப்பிரதேசத்தின் துயரங்களுள் மிகக் கொடிய ஒன்றைக் குறிப்பிடவேண்டும். செங்கலடியை அடுத்துள்ள வந்தாறுமூலையில் அமைந்த கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இற் பல்கலைக்கழகமானது. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது அதன் வளாகம் அகதிமுகாமாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் அங்கிருந்து இராணுவத்தினர் 158 பேரை அழைத்துச் சென்றனர் எனப் பதிவாகியுள்ளது. அவர்கள் திரும்பவில்லை. நான்கு நாட்களின் பின் சத்துருக்கொண்டானிற் குழந்தைகள் உட்பட 184 பேர் கொல்லப்பட்டனர் என்பதும் பதிவாகியுள்ளது. அதற்கு முந்திய ஆகஸ்ட் 15ஆம் நாள், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பிய இயேசு சபைத் துறவி யூஜின் ஹெபேர், உடன் சென்ற இளைஞர் ஒருவருடன் வழியிற் காணாமற்போனார். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்து, புனித மிக்கேல் கல்லூரியில் மாணவருக்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றிய ஆசிரியர் அவர். வாழைச்சேனை வீதி ஏறாவூர்ப் பகுதியையும் செங்கலடியையும் ஊடறுத்தே மட்டக்களப்பை அடைகின்றது.

காணாமற் போனவருக்கு ஒப்பாரி இல்லை. ஒப்பாரிக்கு ஓர் உடல் வேண்டும். சுற்றியிருந்து மார்பில் அறைந்து அழும் பெண்கள் வேண்டும். எட்டுக்கும் முப்பத்தொன்றுக்கும் ஒரு நாட்கணக்கு வேண்டும். வராத உடலுக்கு எந்த நாளை வைத்துக் கணக்கிடுவது? மனைவி பொட்டை அழிப்பதா, வைத்திருப்பதா? இறந்தார் என்று பதிந்தால் காட்டிக்கொடுத்தது போலாகும். இருக்கின்றார் என்று சொன்னால் பிள்ளையின் பாடசாலைப் படிவம் முதல் காணியுறுதி வரை ஒவ்வொரு கருமமும் தடைப்படும். 2016இற் சட்டம் திருத்தப்பட்டுக் காணாமற் போனமைக்கான சான்றிதழ் ஒன்று வகுக்கப்பட்டது. அதே ஆண்டின் இன்னொரு சட்டத்தினாற் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் அமைந்தது. தாள்கள் பெருகின, விடை வரவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் தாய்மார் படங்களை ஏந்தி வீதியோரம் அமர்ந்தனர்.

இத்தாய்மார் செய்துவந்திருப்பதும் காத்திருத்தலே. இங்குதான் திருவருகைக் காலம் என்னும் சொல் நமக்கு வெறும் சமயச் சொல்லாக இல்லாமற்போகின்றது. ஆலயத்தில் நான்கு மெழுகுவர்த்திகளால் அளக்கப்படும் காத்திருத்தலும், முப்பத்தைந்து ஆண்டுகளாக அளக்க முடியாதிருக்கும் காத்திருத்தலும் ஒன்றையொன்று சந்திக்காமல் இருப்பது எப்படி நியாயமாகும்? இவ்விரண்டையும் ஒரே பக்கத்திற் கொண்டுவரும் எழுத்தே நாம் எதிர்பார்க்கும் எழுத்து. அது நம்பிக்கையை ஓர் உணர்ச்சியாகக் காட்டாது. மனம் சோர்ந்த நாளிலும் படத்தை எடுத்துக்கொண்டு வீதிக்கு வருவதையும், நீக்கப்பட்ட பெயரை மீண்டும் பட்டியலில் எழுதுவதையும், இறந்துவிட்டார் என்று ஆதாரமின்றிச் சொல்ல மறுப்பதையுமே அது நம்பிக்கை என்று காட்டும்.

இவ்வாறு எழுதியவர் உலகில் இல்லாமற்போகவில்லை. இயேசு சபைத் துறவி அல்பிரெட் டெல்ப், ஹிட்லரின் ஆட்சிக்கு எதிரான குழுவொன்றுடன் தொடர்புகொண்டமைக்காகச் சிறைப்பட்டு, 1944 டிசம்பரில் பெர்லின் டேகல் சிறையில் விலங்கிட்ட கைகளோடு திருவருகைக் காலத் தியானங்களை எழுதினார். மனிதன் உலுக்கப்பட்டு விழித்தெழவேண்டிய காலமே அது என்பது அவரது கருத்து. 1945 பெப்ரவரி 2ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். ஆறுதலை விலைகொடுத்து வாங்கியவரின் எழுத்து அது. ஆதலின் அதில் அவசரம் இல்லை.

இனி எதிர்த்திசையிலிருந்து வரும் ஆட்சேபத்தையும் கவனித்தல் வேண்டும். மதம் மக்களின் அபின். அதிலே துயருக்கு மருந்து தேடுவது மக்களின் போராட்ட உணர்வை மழுங்கச் செய்யும் என்பர் முற்போக்காளர் சிலர். மார்க்ஸ் 1844இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்வுவமை உள்ளது உண்மையே. ஆனால் அதே பந்தியில், மதத்தை அவர் ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சாகவும், உண்மையான துன்பத்தின் வெளிப்பாடாகவும் அத்துன்பத்துக்கு எதிரான முறைப்பாடாகவும் காண்கின்றார். அபினை மட்டும் எடுத்துக்கொண்டு பெருமூச்சை விட்டுவிடுவது, துயரத்தை விட்டுவிட்டு ஆறுதலை மட்டும் எடுத்துக்கொள்ளும் பிரசங்கியின் செயலுக்கு எவ்வகையிற் குறைந்தது? இரண்டும் பாதி வாசிப்புக்களே. மார்க்ஸியரான ஏர்ணஸ்ட் புளொக் 1954க்கும் 1959க்கும் இடையில் மூன்று பாகங்களாக வெளியிட்ட நம்பிக்கையின் தத்துவம் என்னும் பெருநூலில், சமயங்கள் கண்ட கனவுகளையும் இன்னும் வராத நல்லுலகை நோக்கிய மனித முயற்சியின் பகுதியாக ஆராய்ந்தார். அந்நூலின் தூண்டுதலைப் பெற்றவருள் ஜேர்மனிய இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் ஒருவர். 1943இல் ஹம்பர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது தப்பி, பின்னர் போர்க் கைதியாக இருந்த அவர், 1964இல் நம்பிக்கையின் இறையியல் என்னும் நூலை வெளியிட்டார். நம்பிக்கை உள்ளவன் இருக்கும் உலகோடு சமாதானமாகிவிடமாட்டான், அதனோடு முரண்படுவான் என்பது அவர் வாதம். மார்க்ஸியரும் கிறிஸ்தவரும் உரையாடுவதற்கு இடமுண்டு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. திருவருகைக் காலத்தில் வாசிக்கப்படும் மரியாளின் பாடலும், வலியோர் ஆசனம் இழப்பதையும் பசித்தோர் நிறைவதையுமே பேசுகின்றது. அதனைப் பாடிவிட்டு, வலியோரின் பெயரைச் சொல்ல அஞ்சுவோரே அபினை விற்பவர்கள்.

மற்றுமொரு சோதனையும் உண்டு. மட்டக்களப்பில் நம்பிக்கையைப் பற்றி எழுதும் எவரும் அதற்குத் தப்பமுடியாது. 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். அம்மாதம் 11ஆம் நாள் இரவு செங்கலடியை அடுத்துள்ள ஏறாவூரிற் பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். சில வாரங்களுள் வந்தாறுமூலையும் சத்துருக்கொண்டானும் நிகழ்ந்தன. சில மைல் தூரத்துக்குள் இரு சமூகத்துத் தாய்மார் ஒரே பருவத்திற் பிள்ளைகளை இழந்தனர். நமது எழுத்துக்களிலோ ஒவ்வொரு சமூகமும் தன் ராகேலை மட்டுமே அறிந்திருக்கின்றது. 2019இன் பின்னர் இக்குறை இன்னும் கூர்மையடைந்தது. கொலைகாரர் சிலரின் செயலுக்காக ஒரு சமூகம் முழுவதும் சந்தேகக் கண்ணோடு நோக்கப்பட்டது. பேராலயத்தில் விழுந்த இரத்தத்தைப் பாடி, பள்ளிவாசலில் விழுந்த இரத்தத்தைப் பாடாதுவிடும் கவிதை எத்துணை இனிய ஓசை பெற்றிருந்தாலும் அதனைக் கிறிஸ்தவ நம்பிக்கையின் கவிதை என்று நாம் ஏற்பதற்கில்லை. ஏரோதின் வாளுக்குத் தப்பிய குழந்தை அந்நிய நாட்டிற் புகலிடம் பெற்றது என்பதை அந்த நற்செய்தியே சொல்கின்றது.

அவ்வாறாயின் ஆறுதலே கூடாதா என்று வினவலாம். கூடும், ஆனால் அது தன் முறைக்குக் காத்திருக்கவேண்டும். இறந்தவர் பெயரைச் சொன்ன பின், கொன்றவரைக் கேட்ட பின், அயலானின் இழப்பையும் கணக்கில் எடுத்த பின் வரும் ஆறுதலை எந்தத் தாயும் தள்ளமாட்டாள். மூன்றாம் ஞாயிற்றின் மகிழ்ச்சி, முதலிரண்டு ஞாயிறுகளைக் கடந்து வந்ததனாலேயே மதிப்புப் பெறுகின்றது. இத்தகைய ஆறுதல் இப்பிரதேச மக்களின் வாழ்வில் ஏற்கெனவே உண்டு. சூறாவளிக்குப் பின்னும் கடற்கோளுக்குப் பின்னும் பாடசாலைகளும் ஆலயங்களும் கோயில்களும் பள்ளிவாசல்களும் எவரென்று கேளாமல் கதவைத் திறந்தன. ஒரே அடுப்பிற் கஞ்சி காய்ச்சப்பட்டது. வாழ்வில் நிகழ்ந்த இந்த உண்மை எழுத்தில் ஏறாதிருப்பதே வியப்பு.

ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்விடயத்திற் செய்யக்கூடியது அதிகம். பண்டிகை மலருக்குக் கவிதை கேட்கும்போது, பனியை விட்டு வெள்ளத்தை எழுதச் சொல்லலாம். ஊரின் முதியோரிடம் சென்று 1978ஐயும் 1990ஐயும் கேட்டு எழுதச் சொல்லலாம். தமிழ் மாணவன் ஏறாவூருக்கும், முஸ்லிம் மாணவன் வந்தாறுமூலைக்கும் சென்று கேட்டுவரலாம். அவ்வெழுத்துக்களில் அணிநலன் குறைவாக இருக்கலாம்; ஆனால் பெயர்களும் ஆண்டுகளும் காரணங்களும் இருக்கும். அவற்றை அருகருகே வைத்து வாசிக்கும் ஒரு வகுப்பறையில், விண்மீனைப் பற்றி எழுதுவதற்கு உரிமை பெற்ற கவிஞன் ஒருவன் தோன்றுவான் என்பது நமது நம்பிக்கை.